மலைநாட்டு ஈரத்துல பைப் புகையிலைய பழசாக்கி வைக்கிறது எப்படி?

பைப் புகையிலைய வருஷக்கணக்கா மூடி வச்சிருந்து பிடிச்சா ருசியே வேறயா இருக்கும்னு கேள்விப்பட்டு, சரி நாமளும் ஒரு டின்ன எடுத்து வைப்போமேன்னு இறங்குறவங்களுக்கு முதல்ல ஒரு விஷயத்த சொல்லிடுறேன். இதப்பத்தி கிடைக்கிற அறிவுரைல பாதிக்கு மேல குளிர்நாட்டுக்காரங்க சொன்னது, அங்க குளிர்காலத்துல வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடும், காத்து காஞ்சு கிடக்கும், அதனால அவங்க பயமெல்லாம் புகையிலை காஞ்சு பொடியா போயிடுமோங்கிறதுதான். ஈரத்துணிய மூடு, ஆப்பிள் தோல ஒரு துண்டு போடு, தண்ணி தெளின்னு வர்றதெல்லாம் அந்தப் பயத்துல வர்றது. அத அப்படியே நம்ம இலங்கை மலைநாட்டுல, ஹட்டன்லயோ மஸ்கெலியாவுலயோ செஞ்சா கொஞ்ச நாள்லயே பூசணம் பிடிச்சு எல்லாத்தையும் கொட்ட வேண்டியதுதான். நம்ம பக்கம் மே கடைசில தென்மேல் பருவமழை பிடிச்சா செப்டெம்பர் வரைக்கும் துணி காயாது, அலுமாரிக்குள்ள தொங்குற தோல் பெல்ட்டுல வெள்ளையா பூக்கும், குசினில உப்பு போத்தல் கசிஞ்சு நிக்கும். இந்த ஊர்ல புகையிலைக்கு ஈரம் குடுக்குறது நம்ம வேலையே இல்ல. ஈரத்த வெளியில நிப்பாட்டுறதுதான் வேலை, அத ஒரு தடவை ஒழுங்கா செஞ்சுட்டா மிச்சத்த இலையே பாத்துக்கும்.

சரி, மூடுன போத்தலுக்குள்ள அப்படி என்னதான் நடக்குது? தேயிலைய வச்சு சொன்னா நமக்கு சுளுவா புரியும். ஃபெக்டரில கொழுந்த வாட்டி ரோலர்ல போட்டு நசுக்குறப்ப இலைக்குள்ள இருக்குற பாலிஃபீனாலும் என்சைமும் காத்தோட சேந்து, பச்சை இலை செம்பு நிறமா மாறுது. அத ஃபெர்மென்டேஷன்னு எல்லாரும் சொன்னாலும் நடக்குறது ஒக்சிடேஷன்தான். சரியான நேரம் பாத்து ட்ரையர்ல போட்டு, சூட்டால அந்த என்சைம நிப்பாட்டி, ஈரத்தையும் 3 சதவீதம் அளவுக்கு இறக்கிடுறாங்க, அதோட அந்த மாற்றம் முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் நம்ம தேயிலைய வருஷக்கணக்குல வச்சிருந்தா நல்லதாகாது, வாசனை கொறஞ்சுகிட்டேதான் போகும். பைப் புகையிலைய இந்த மாதிரி ஒட்டக் காய விடுறதில்ல. டின்ல அடைக்கும்போதே அதுல நல்லா ஈரம் விட்டுத்தான் அடைக்கிறாங்க, 15 சதவீதத்துக்கு மேலயும் இருக்கும், சில டின்ல 20 வரைக்கும் போகும். அந்த ஈரமும், இலைல இருக்குற சக்கரையும், அமினோ அமிலமும், போத்தலுக்குள்ள மாட்டிகிட்ட கொஞ்சம் காத்தும் சேந்து மெதுவா வேலை செஞ்சுகிட்டே இருக்கும்.

முதல் கட்டத்துல உள்ள இருக்குற ஒக்சிஜன் செலவாகுது, கொஞ்சம் நுண்ணுயிர் வேலையும் நடக்கும், அதுல கரியமில வாயு வர்றதால சில பழைய டின் லேசா உப்பி நிக்கிறதும் உண்டு. கலவைல இருக்குற வேற வேற இலையோட வாசனையெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஊறி, தனித்தனியா தெரியாம ஒரே சரக்கா ஆகுறதும் இந்த நேரத்துலதான். காத்து தீந்த பிறகு ரெண்டாவது கட்டம், இதுதான் நீளமானது. சக்கரையும் அமினோ அமிலமும் சேந்து பழுப்பாகுற மேய்லார்ட் வினைன்னு ஒண்ணு இருக்கு, பாண் சுடும்போது மேல்தோல் செவந்து வாசம் வருதே அதே வினைதான், போறணைல நிமிஷத்துல நடக்குறது இங்க அறை வெப்பத்துல வருஷக்கணக்குல நடக்குது. இலைக்கு மஞ்சள் நிறம் குடுக்குற கரோட்டினாய்டுகளும் மெதுவா உடைஞ்சு பழ வாசனை, பூ வாசனை உள்ள பொருளா மாறும். மஞ்சளா போன இலை தவிட்டு நிறமாகி கடைசில கருஞ்சிவப்பா வர்றது இதனாலதான்.

இதுல இருந்தே எந்தப் புகையிலைய வைக்கலாம், எத வச்சு புண்ணியமில்லன்னு தெரிஞ்சுக்கலாம். வர்ஜீனியா இலைய பட்டறைல சூடான காத்த விட்டு சில நாள்லயே பதப்படுத்திடுவாங்க, முதல்ல இலை மஞ்சளாகுற வரைக்கும் மெல்லிய சூடு குடுக்குறப்ப மாச்சத்தெல்லாம் சக்கரையா மாறும், உடனே சூட்ட ஏத்தி அந்த சக்கரை செலவாகாம பிடிச்சு வச்சிடுவாங்க. அதனால வர்ஜீனியால சக்கரை நிறைய, எடைல அஞ்சுல ஒரு பங்குகூட வரும். பர்லிங்கிற இன்னொரு வகை இலைய நிழல்ல கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்குல காய விடுறாங்க, அந்த நாள் பூரா இலை உயிரோட இருந்து தன்னோட சக்கரைய தானே தின்னு தீத்துடும், கடைசில கிட்டத்தட்ட ஒண்ணும் மிஞ்சாது. சக்கரை இல்லாத எடத்துல மேய்லார்ட் வினைக்கும் சரக்கு இல்ல. அதனால பழசாக்க முதல்ல எடுக்க வேண்டியது வர்ஜீனியாதான், அதுவும் அழுத்தி வெட்டுன ஃபிளேக் கிடைச்சா ரொம்ப நல்லது. வர்ஜீனியாவோட பெரிக் கலந்ததும் அருமையா வரும். பெரிக்குங்கிறது அமெரிக்கால லூசியானா மாநிலத்து செயின்ட் ஜேம்ஸ் பகுதில பீப்பாக்குள்ள இலைய போட்டு நசுக்கி மாசக்கணக்கா அதோட சாறுலயே புளிக்க வச்சு எடுக்குறது, அது ஏற்கனவே ஒரு ரவுண்டு பழசானதுதான், வர்ஜீனியாவோட சேந்து இன்னும் கனிஞ்சு வரும்.

லட்டாக்கியா கலவை கதை வேற. அது விறகுப் புகைல காட்டி எடுத்த இலை, சிரியாவோட துறைமுகப் பேருல வந்தது, இப்ப சைப்ரஸ் பக்கத்து இலை. வச்சிருந்தா அந்தப் புகை வாசம்தான் மெல்ல மங்கும். அந்த காட்டம் பிடிச்சுதான் வாங்குறீங்கன்னா ரொம்ப வருஷம் வைக்காதீங்க, காட்டம் கொஞ்சம் அடங்கணும்னா ரெண்டு மூணு வருஷம் வைங்க. வெனிலா, செர்ரி, சொக்லட் வாசம் போட்ட அரோமாட்டிக் வகைய பழசாக்க வேண்டியதே இல்ல, அதுல மேல தெளிச்ச வாசனைதான் முக்கால்வாசி, அது வச்சா மங்கத்தான் செய்யும்.

கேக்குறதுக்கு முன்ன இதையும் சொல்லிடுறேன், தோட்டத்துக் கடைல வெத்திலைக்கு விக்கிற யாழ்ப்பாணப் பொயிலைய இப்படிப் போத்தல்ல போட்டு பழசாக்கி பைப்ல பிடிக்கலாமான்னு ஒரு யோசனை வரும். வேணாம். அது தேங்கா மட்டைப் புகை காட்டி, பாணி போட்டு, மெல்றதுக்குன்னே பதப்படுத்துன சரக்கு, பைப்புக்கு அது ஆகாது.

இப்ப ஈரத்துக்கு வருவோம், விஷயமே இங்கதான் இருக்கு. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டுனா சாதாரண உப்பு தண்ணிய இழுத்து கசிய ஆரம்பிக்கும். அதாவது குசினில உங்க உப்பு போத்தல் கசிஞ்சு நிக்குதுன்னா அந்த வீட்டுக் காத்து சுமாரா 75 ஆகிடுச்சு, இல்ல அதுக்கு கிட்ட வந்துடுச்சுன்னு அர்த்தம். புகையிலை தன்ன சுத்தி இருக்குற காத்தோட ஈரத்துக்கு தானும் வந்து நிக்கும், அது அதோட குணம். நல்லா பழசாகுறதுக்கு போத்தலுக்குள்ள 60லேருந்து 65 சதவீதம் போதும். 70ஐ தாண்டுனா பூசணத்துக்கு கதவ திறந்து விட்ட மாதிரி. அப்ப உப்பு கசியிற நாள்ல புகையிலைய வெளிய எடுத்து வச்சு அளந்து பிரிச்சு ஆற அமர போத்தல்ல போட்டா அந்த நாளோட ஈரத்தையும் சேத்து உள்ள அடைச்சிடுறீங்க, அதுக்கப்புறம் எவ்வளவு நல்ல மூடி போட்டும் பிரயோசனமில்ல, உள்ள இருக்குறது வெளிய போகாது.

அதனால எந்த மாசம் மூடுறதுங்கிறது முக்கியம். இதுல நம்ம ஆளுங்களுக்கு ஏற்கனவே கையில ஒரு கலண்டர் இருக்கு. டிம்புள்ள பக்கம், அதாவது ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவ எல்லாம், ஜனவரிலேருந்து மார்ச் வரைக்கும் பகல்ல காஞ்ச வெயில், ராத்திரில கடுங்குளிர், அப்பதான் தேயிலைக்கு நல்ல தரம் வரும். ஊவா பக்கம் அது ஜூலைலேருந்து செப்டெம்பர், தென்மேல் காத்து மேற்குப் பக்கம் மழைய கொட்டித் தீத்துட்டு மலைய ஏறி இறங்கி பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளைப் பக்கம் காஞ்ச காத்தா வீசும், நம்ம கச்சான் காத்து. ஒரே ஜூலை மாசம், மஸ்கெலியால மூணு நாளா துணி காயல, பண்டாரவளைல உதடு வெடிக்குது. தேயிலைக்கு எந்த மாசம் தரம் ஏறுதோ அந்த மாசம்தான் உங்க ஊர்ல புகையிலைப் போத்தல் மூடவும் நல்ல மாசம், காரணம் ரெண்டுக்கும் அதே காஞ்ச காத்துதான். நாளையும் பாத்து, மத்தியானம் பதினொண்ணுலேருந்து ரெண்டு மணிக்குள்ள, மூடுபனி இறங்குறதுக்கு முன்னாடி வேலைய முடிச்சுக்கங்க. டின்ன பிரிக்காம அது வரைக்கும் வச்சிருந்தா ஒண்ணும் குடிமுழுகிப் போகாது.

கையாலயே ஈரம் பாக்கலாம். ஒரு சிட்டிகை எடுத்து பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல நல்லா அமுக்கி ஒரு பத்து எண்ணிட்டு விடுங்க. அமுக்குன படியே வில்லையா ஒட்டிகிட்டு கிடந்தா ஈரம் கூட. விட்டதும் மெதுவா, ஒவ்வொரு இழையா விலகி எழும்பி வந்தா சரியான பதம். காதுல கேக்குற மாதிரி நொறுங்குச்சுன்னா காஞ்சு போச்சு. ஆனா அரோமாட்டிக் வகைல இந்த சோதனை ஏமாத்தும், அதுல போடுற புரொப்பிலீன் கிளைக்கோல் காஞ்ச இலையையும் ஈரமா காட்டும்.

கொஞ்சம் காசு செலவழிக்க முடிஞ்சா ஒரு சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் (காத்தோட ஈரப்பதத்த காட்டுற மீட்டர்) வாங்கி போத்தலுக்குள்ளயே போட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்க, ஆனா வாங்குன உடனே அத நம்பிடாதீங்க, மலிவுல வர்றதெல்லாம் அஞ்சு புள்ளி ஏழு புள்ளி தவறாதான் காட்டும். அதுக்கும் உப்பு இருக்கு. ஒரு சோடாப் போத்தல் மூடில உப்ப நெரப்பி, களி மாதிரி ஆகுற அளவுக்கு மட்டும் சில சொட்டு தண்ணி விட்டு (உப்பு கரைஞ்சு தண்ணியா ஓடக்கூடாது), அந்த மூடியையும் மீட்டரையும் ஒண்ணா ஒரு ஸிப் பையில போட்டு காத்து போகாம மூடி எட்டு மணித்தியாலம் விடுங்க. உள்ள காத்து 75ல வந்து நிக்கும், அது இயற்கை விதி, மாறாது. மீட்டர் 70 காட்டுனா அது அஞ்சு கொறைச்சு காட்டுற மீட்டர், எப்பவும் அஞ்ச கூட்டிக்கங்க. அவ்வளவுதான்.

ஈரம் கூட இருந்தா எப்படி இறக்குறது? ஒரு பெரிய தட்டுல வெள்ளைக் கடதாசிய விரிச்சு புகையிலைய மெல்லிசா பரப்பி, வெயில் நேரா படாம, காத்தோட்டமான காம்பராவுல வைங்க. மழை நாள்ல இப்படி வச்சா காயாது, இன்னும் ஈரத்ததான் இழுக்கும், அதான் மாசம் பாக்கச் சொன்னேன். ஃபிளேக்க ஒட்ட உதிர்த்துடாதீங்க, தகட்ட தகடா பிரிச்சு வச்சா போதும். மணிக்கொரு தடவை அந்த சிட்டிகை சோதனைய செஞ்சு பாருங்க. அடுப்புக்கு மேல, பல்புக்கு கீழ எல்லாம் வச்சு அவசரப்படுத்தினா மேல காஞ்சு உள்ள ஈரமாவே இருக்கும், வாசனையும் ஆவியா போயிடும். காஞ்சு போன புகையிலைய திரும்ப பதத்துக்கு கொண்டுவர்றது மலைநாட்டுல வேலையே இல்ல, ஒரு பனிமூட்ட ராத்திரி யன்னலோரம் தட்டுல திறந்து வச்சா காலைல அதுவா இழுத்து வச்சிருக்கும். ஆப்பிள் தோல், உருளைக்கிழங்குத் துண்டு, தோடம்பழத் தோல் இதெல்லாம் கண்டிப்பா வேணாம், அது ஈரத்தோட சேத்து பூசண வித்தையும் கொண்டுவந்து விடும்.

அடுத்தது போத்தல். கண்ணாடிதான் சிறப்பு, அது உறிஞ்சாது, வாசம் பிடிக்காது, துருப்பிடிக்காது. பிளாஸ்டிக் டப்பாவும் ஸிப் பையும் நாள்போக்குல காத்த உள்ள விட்டுடும், சில மாசத்துக்கு பரவாயில்ல, வருஷத்துக்கு ஆகாது. ஜேம் போடுற மேசன் போத்தல், அந்த ரெண்டு துண்டு மூடி வர்றது, கிடைச்சா அத வாங்குங்க. கிடைக்கலன்னா கடைல வாங்குற ஜேம் வர்ற போத்தலையே பாவிக்கலாம், மூடியோட உள்பக்கம் ரப்பர் மாதிரி ஒரு வளையம் ஓடும் பாருங்க, அதுல வெடிப்போ கீறலோ பள்ளமோ இல்லாம இருக்கணும். சோதிக்கிறதுக்கு போத்தல்ல பாதி தண்ணி விட்டு இறுக்கி மூடி ஒரு கடதாசி மேல தலைகீழா ஒரு ராத்திரி வைங்க, கடதாசி நனையலன்னா சரி. மூக்குக்கும் ஒரு சோதனை இருக்கு, மூடிய மோந்து பாருங்க. அச்சாறு, மாசி, சம்பல் இருந்த போத்தல எத்தன தடவை கழுவுனாலும் கண்ணாடில போயிடும், அந்த ரப்பர் வளையத்துல போகாது. தேயிலை ஸ்டோர் ரூம்ல சவர்க்காரமோ மண்ணெண்ணெயோ கொண்டுபோக விடுறாங்களா? அதே காரணம்தான், காஞ்ச இலை பக்கத்துல இருக்குற வாசனைய எல்லாம் குடிச்சிடும்.

கழுவுன போத்தல நல்லா காய வைக்கிறது நம்ம ஊர்ல நினைக்கிறத விட கஷ்டம். கண்ணுக்கு காஞ்ச மாதிரி இருக்கும், மூடியோட மரைக்குள்ள ஒரு சொட்டு நிக்கும், அந்த ஒரு சொட்டு போதும். கேக் சுடுற அவன் (oven) இருந்தா 100 டிகிரில பத்து பதினஞ்சு நிமிஷம் வச்சு எடுத்து (மூடிய உள்ள வைக்காதீங்க), முழுசா ஆற விட்டு அப்புறம் நெரப்புங்க. சூடான போத்தல்ல போட்டு மூடுனா ஆறுறப்ப இறுக்கமா பிடிக்கும்னு சிலர் சொல்வாங்க, இறுக்கமா பிடிக்கும்தான், ஆனா சூட்டுல இலைல இருந்து கிளம்புன ஈரம் ஆறும்போது கண்ணாடில பூத்து திரும்ப ஒரு பக்கமா இறங்கும், அதுல எனக்கு சம்மதமில்ல.

ஒரு 50 கிராம் டின்ன 250 மில்லி போத்தல்ல அடைக்கலாம், ரிபன் மாதிரி நூலா வெட்டுனதுன்னா அதுக்கு சரியா வரும், ஃபிளேக் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். கல்லு மாதிரி அமுக்காதீங்க, முதல் கட்டத்துக்கு கொஞ்சம் காத்து வேணும். அதுக்காக கால்வாசி மட்டும் போட்டு முக்கால்வாசி வெறுமையாவும் விடக்கூடாது. வெக்யூம் மெஷின் வச்சு காத்த முழுசா உறிஞ்சி எடுத்துட்டா அந்த முதல் கட்டம் சரியா நடக்காதுன்னுதான் அனுபவசாலிங்க நிறைய பேர் சொல்றாங்க, நானும் அந்தக் கட்சிதான், சும்மா கையால இறுக்கி மூடுனா போதும். பெரிய போத்தல் ஒண்ணுக்குப் பதிலா சின்னது நாலு வைங்க. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் புதுக் காத்து உள்ள போகும், நம்ம ஊர்ல அதோட ஈரமும் போகும், கதை முதல்லேருந்து ஆரம்பிக்கும். சின்னப் போத்தலா இருந்தா ஒண்ண திறந்து பாத்தாலும் மத்தது அசையாம இருக்கும்.

டின்ன பிரிக்காம அப்படியே வைக்கலாமான்னா, வைக்கலாம், ரெண்டு கவனத்தோட. ஒண்ணு துரு. நம்ம ஈரத்துல டின்னோட அடி விளிம்புல முதல்ல சின்னதா ஒரு பழுப்புப் புள்ளி வரும், அது ஒரு நாள் ஊசிமுனை ஓட்டையாகும், வெளிய இருந்து பாத்தா தெரியவே தெரியாது, திறந்தா உள்ள சருகு. டின்ன ஒரு மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டில போட்டு கூடவே சிலிக்கா ஜெல் பக்கெட் நாலஞ்சு போட்டு வைங்க, ஜெல் டின்னுக்கு வெளியதான், புகையிலைக்குள்ள போட்டா ஒட்ட உறிஞ்சி காய வச்சிடும். இன்னொண்ணு உயரம். கொழும்புல வாங்குன சிப்ஸ் பக்கெட் நுவரெலியாவுக்கு ஏறி வர்றதுக்குள்ள பலூன் மாதிரி உப்பி நிக்கிறத பாத்திருப்பீங்க. நுவரெலியா 1,868 மீட்டர், அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்குறதுல சுமாரா அஞ்சுல நாலு பங்குதான். கடல் மட்டத்துக்கு கிட்ட உள்ள எடத்துல வெக்யூம் பிடிச்சு மூடுன டின்னும் அப்படித்தான், மேல வந்தா மூடிய அமுக்கிப் பிடிக்கிற வெளி அழுத்தம் கொறையும், பிடி தளரும். வட்ட டின் அனேகமா தாங்கும், நாலு மூலை உள்ள சதுர டின் சட்டுன்னு விட்டுடும். மேல வந்த சதுர டின்ன நான் நம்புறதில்ல, நல்ல நாள் பாத்து போத்தலுக்கு மாத்திடுறதுதான் நல்லது. லேசா உப்பியிருந்தா கெட்டுப்போச்சுன்னு பயந்து வீசிடவும் வேணாம், திறந்து மோந்து பாருங்க.

எங்க வைக்கிறது? இருட்டு வேணும், சூடு ஏறி இறங்கக் கூடாது. வெளிச்சம் இலையோட நிறத்த வெளுக்க வைக்கும், வாசனைய கெடுக்கும். தகரக் கூரை வீட்டுல கூரைக்கு கிட்ட இருக்குற தட்டு பகல்ல அனலா இருக்கும், ராத்திரில பனி மாதிரி ஆகும், அந்த ஏத்த இறக்கத்துல போத்தலோட உள் கண்ணாடில தண்ணி பூத்து இலைல இறங்கும், பூசணம் பெரும்பாலும் அந்த நனைஞ்ச எடத்துலதான் தொடங்கும். வெளிச்சுவர ஒட்டியும் வேணாம், மழைக்காலத்துல அந்த சுவரே வேர்க்கும். வீட்டு நடுக் காம்பராவுல அலுமாரியோட கீழ் லாச்சி, போத்தல ஒரு துணில சுத்தி, இதவிட நல்ல எடம் லயத்துலயும் கிடைக்காது, பங்களாவுலயும் கிடைக்காது. குளிர்சாதனப் பெட்டி வேணாம், அங்க வெளிய எடுத்து உள்ள வைக்கிற ஒவ்வொரு தடவையும் வேர்க்கும், மீன் வாசமும் இருக்கும். குசினி வேணாம், விறகடுப்புப் புகையும் மசாலாவும் பத்தாதுன்னு வண்டும் இருக்கு. மஞ்சத்தூள், கொத்தமல்லி, காஞ்ச மொளகாவுல வர்ற சின்ன செம்பட்டை வண்டு இருக்கே, அதுக்கு இங்கிலீசுல சிகரட் வண்டுன்னுதான் பேரு, புகையிலைய துளைச்சு திங்கிறதும் அதேதான். நுவரெலியா குளிர்ல அது பெருகுறது கஷ்டம், பதுளை, மாத்தளை மாதிரி சூடான எடத்துல நல்லாவே பெருகும்.

குளிர் கூடுனா பழசாகுறதும் மெதுவாகும், அதுவும் உண்மை. இந்த மாதிரி வினைகள்ல பத்து டிகிரி சூடு கொறைஞ்சா வேகம் பாதியாகும்னு ஒரு பொதுக் கணக்கு உண்டு. நுவரெலியால வருஷ சராசரியே 16 டிகிரிதான், 680 மீட்டர்ல இருக்குற பதுளைல அத விட நல்ல சூடு, அதனால பதுளைல மூணு வருஷத்துல வர்ற மாற்றத்துக்கு நுவரெலியால கூட நாள் காத்திருக்கணும். அவசரப்பட்டு வெயில்ல வைக்கிறது, வெந்நீர்ல வைக்கிறதுன்னு சிலர் செய்வாங்க, நிறம் கறுத்து வரும், ருசில ஆழம் இருக்காது. தட்டையா, வெந்த பழம் மாதிரி ஆகிடும். மெதுவா வர்றதுதான் நல்லா வருது, நம்ம குளிருக்கு நான் நன்றி சொல்லுவேன்.

பூசணத்தையும் பளிங்கையும் (பழைய இலை மேல படியிற வெள்ளைப் படிகம்) பிரிச்சுப் பாக்கத் தெரியணும், இதுல புதுசா வர்றவங்க நல்ல சரக்க வீசிட்டு கெட்டத வச்சுக்குறதும் நடக்கும். பழைய வர்ஜீனியா ஃபிளேக்குல சில நேரம் மேல வெள்ளையா பொடிப்பொடியா தெரியும். ஃபோன் டோர்ச்ச பக்கவாட்டுல பிடிச்சு, பூதக்கண்ணாடி வச்சு பாருங்க. கண்ணாடித் தூள் மாதிரி மின்னுனா, இலையோட தட்டையா ஒட்டி, நரம்பு ஓடுற வழில படிஞ்சு இருந்தா அது பளிங்கு, பயமில்ல. மின்னாம, பஞ்சு மாதிரி மேல எழும்பி, நூல் நூலா ஒரு எடத்துலேருந்து இன்னொரு எடத்துக்கு வலை பின்னுன மாதிரி போனா, சாம்பலோ பச்சையோ கலந்திருந்தா, அது பூசணம். மூக்கு இன்னும் சீக்கிரம் சொல்லிடும், மழைல நனைஞ்ச சாக்கு வாசம் வந்தா பாக்கவே வேணாம். ஒரு ஓரத்துல மட்டும்தானே இருக்கு, அத பிச்சு எறிஞ்சுட்டு மிச்சத்த பிடிக்கலாம்னு நினைக்காதீங்க, வித்து எல்லா எடத்துலயும் பரவியிருக்கும், நெஞ்சுக்குள்ள இழுக்குற பொருள், முழுசா கொட்டிடுங்க, அந்த மூடியையும் சேத்து வீசிடுங்க.

இந்த எடத்துல இன்னொண்ணும் மனசார சொல்லணும். பழசாக்குனா புகையிலை மென்மையா இருக்கும், தொண்டைல காரல் கொறையும், ஆனா கெடுதி கொறையாது. நிக்கொட்டின் அங்கதான் இருக்கு, எரிச்சா தாரும் வரத்தான் செய்யும், வாய், தொண்டை, நுரையீரல் புத்துநோய் பைப் பிடிக்கிறவங்களுக்கும் வருது. தோட்டத்துல வெத்திலையோட பொயிலை போட்டு வாய்ப்புத்துநோய் வந்து அவதிப்பட்ட பெரியவங்க இல்லாத லயம் கொறைவு, அத பாத்துட்டே வளந்தவன் நான். சூடும் ஈரமும் கூடுன எடத்துல வச்ச புகையிலைல நைட்ரோசமைன்ங்கிற புத்துநோய்ப் பொருள் கூடுறதும் உண்டு, ஈரத்த இறக்கி குளிர்ல வைக்கச் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம். இதுவரைக்கும் பிடிக்காதவங்க இத படிச்சுட்டு தொடங்க வேணாம். இலங்கைல 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயசுக்கு கொறைஞ்சவங்களுக்கு புகையிலை விக்கவும் கூடாது. போத்தல் பாக்க இனிப்புப் போத்தல் மாதிரி இருக்கும், சின்னப் பிள்ளைங்க ஒரு வாய் தின்னாலும் நிக்கொட்டின் நஞ்சு ஏறும், லாச்சிக்கு பூட்டு போடுங்க.

மூடுன அன்னைக்கே பேரு, மாசம், வருஷம், அன்னைக்கு உள்ள காட்டுன ஈரப்பதம் எல்லாத்தையும் கடதாசில எழுதி ஒட்டிடுங்க. மார்க்கர்ல கண்ணாடி மேல எழுதுனா ஈரத்துல அழியும். சிலர் துண்டுக் கடதாசிய மூடிக்குள்ள போடுவாங்க, வேணாம், பூசணம் முதல்ல பிடிக்கிறதே அதுலதான். முதல் ரெண்டு வாரம் மட்டும் திறக்காம வெளிய இருந்து கண்ணாடிய பாருங்க, உள்பக்கம் வேர்வை தெரிஞ்சா ஈரம் கூடன்னு அர்த்தம், நல்ல வெயில் நாள் பாத்து எடுத்து திரும்ப பரப்புங்க. தெரியலன்னா விட்டுடலாம்.

எவ்வளவு நாள்? ஆறு மாசத்துல முதல் வித்தியாசம் தெரியும், நாக்க கடிக்கிற அந்த கூர்மை அடங்கியிருக்கும். ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல கலவை ஒண்ணா சேந்திருக்கும். வர்ஜீனியாவோட நிஜமான மாற்றம் அஞ்சு வருஷத்துக்கு கிட்டதான், நிறம் இருண்டு, மூடி திறந்ததும் காஞ்ச திராட்சையும் லேசா புளிப்பும் கலந்த வாசம் வரும், இனிப்பு முன்ன மாதிரி மேலோட்டமா இல்லாம கடைசி வரைக்கும் நிக்கும். பத்து பதினஞ்சுக்கு மேல போனா சிலது இன்னும் ஏறும், சிலது களைச்சுப் போகும், எல்லாத்தையும் அவ்வளவு நாள் வைக்கணும்னு இல்ல. அதனாலதான் நாலு சின்னப் போத்தல்னு சொன்னது, ஒண்ண ஒரு வருஷத்துல, ஒண்ண மூணுல, ஒண்ண அஞ்சுல திறந்தா உங்க நாக்குக்கு எது பிடிக்குதுன்னு நீங்களே கண்டுபிடிச்சிடலாம்.

திறக்குற அன்னைக்கு உடனே பைப்ல அடைக்காதீங்க. அடைபட்டு கிடந்த வாடை முதல்ல கொஞ்சம் புளிச்ச மாதிரி, சில நேரம் லேசா காடி மாதிரி அடிக்கும், பூசண வாசம் இல்லன்னா அது கெட்டது இல்ல. மூடிய திறந்து ஒரு அரை மணித்தியாலம் விட்டா போயிடும். அப்புறம் அன்னைக்குத் தேவையானத மட்டும் எடுத்து தட்டுல பரப்பி கொஞ்சம் காய விட்டு பிடிங்க, வைக்கிறதுக்கு இருக்குற ஈரத்த விட பிடிக்கிறதுக்கு இருக்குற ஈரம் ஒரு படி கொறைவா இருந்தாதான் பைப் அணையாம எரியும், அடில தண்ணி கட்டாது. மிச்சத்த உடனே இன்னும் சின்ன போத்தலுக்கு, மேல வெறும் எடம் கொறைவா இருக்குற மாதிரி மாத்தி மூடி, மழைக்காலம் தொடங்குறதுக்கு முன்னாடி பிடிச்சு முடிச்சிடுங்க.